‘பரவாயில்லை, பிறகு கொடுக்கலாம்’: தில்லி மளிகைக் கடைகளின் கணக்கில் வராத வரவு

புது தில்லி: தலைநகரின் குடியிருப்புப் பகுதிகளில் காலையில் முதலில் திறக்கும் கதவு பெரும்பாலும் மளிகைக் கடையுடையதாகவே இருக்கும். பால் உறைகள் வந்து இறங்கியிருக்கும். பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி ரொட்டி கேட்டு நிற்பாள். அவளுக்குப் பின்னால், நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கச் செல்லும் வழியில் ஒரு பெண் அரைக் கிலோ சர்க்கரையும் சிறு பொட்டலம் தேயிலையும் வாங்கிக்கொண்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறையை எண்ணுவார். பன்னிரண்டு ரூபாய் குறையும். கடைக்காரர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே, ‘கோயீ பாத் நஹீன், பாத் மேன் தே தேனா’ என்பார். பரவாயில்லை, பிறகு கொடுக்கலாம் என்று பொருள்.

தில்லியில் இவ்வாறான காட்சி நாள்தோறும் எத்தனையோ கடைகளில் நடைபெறுகிறது. யாரும் இதைக் கருணை என்று சொல்லிக் கொள்வதில்லை. கொடுத்தவரும் மறந்துவிடுகிறார், பெற்றவரும் மாலையில் வேலை முடிந்து திரும்பும்போது பாக்கியைத் தீர்த்துவிட்டுப் போகிறார். ஆனால், சில்லறை வணிகத்தின் எதிர்காலம் குறித்து கடந்த இருபது ஆண்டுகளாக நாடாளுமன்றத்திலும் வீதியிலும் நடந்து வரும் விவாதங்களில் விலையும் வேகமும் முதலீடும் பேசப்பட்ட அளவுக்கு இந்தப் பன்னிரண்டு ரூபாய் பேசப்பட்டதில்லை.

பெயர் தெரிந்த கடை

தில்லியில் இக் கடைகளுக்குக் ‘கிரானா’ என்றும் ‘பர்சூன்’ என்றும் பெயர். முதிய கடைக்காரரை ‘லாலாஜி’ என்று அழைப்பது பழைய வழக்கம். இளையவர் என்றால் ‘பையா’, அதாவது அண்ணன். கடைக்காரரும் வாடிக்கையாளரை ‘மாதாஜி’ என்றோ, ‘ஆன்ட்டி’ என்றோ, ‘பேட்டா’ என்றோதான் அழைப்பார். தமிழகத்தில் ‘அண்ணாச்சி கடை’ என்ற சொல்லில் உள்ள உறவுமுறை இங்கும் உண்டு.

இந்த உறவு வெறும் சொல்லோடு நின்றுவிடுவதில்லை. மின்தூக்கி இல்லாத அடுக்கு வீடுகளின் மேல் தளங்களிலிருந்து கயிற்றில் கட்டிய கூடை இறங்கினால், அதில் பொருளை வைத்து அனுப்புகிறார் கடைக்காரர். பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்காக வீட்டுச் சாவியை வாங்கி வைத்துக் கொள்கிறார். முகவரி தேடி வருபவருக்கு வழி சொல்கிறார். தனியாக வாழும் முதியவர் இரண்டு நாள்களாகப் பால் வாங்க வரவில்லை என்றால் பையனை அனுப்பிக் கதவைத் தட்டச் சொல்கிறார். காய்கறிக் கடையில் கொத்துமல்லியும் பச்சை மிளகாயும் கொசுறாகக் கிடைப்பது போல, மளிகைக் கடையில் கிடைக்கும் கொசுறு இவைதான்.

கரோல் பாக், ராமகிருஷ்ணாபுரம், மயூர் விஹார், முனிர்கா போன்ற பகுதிகளில் வாழும் தமிழர்களுக்கு இதன் அருமை நன்கு தெரியும். இப்பகுதிகளில் இட்லி அரிசி, புளி, அப்பளம், சாம்பார்ப் பொடி ஆகியவற்றை விற்கும் தென்னிந்தியக் கடைகள் உள்ளன. ஆனால், மாற்றலாகியோ வேலை தேடியோ புதிதாக வந்து இறங்கும் குடும்பம் முதலில் சந்திப்பது பெரும்பாலும் தெருமுனையில் உள்ள ஹிந்தி பேசும் கடைக்காரரைத்தான். துவரம் பருப்புக்கு ‘அர்ஹர்’ என்றும் உளுந்துக்கு ‘உரத்’ என்றும் விரலால் சுட்டிக் காட்டிக் கற்றுக்கொள்ளும் இடம் அக் கடையே. ஹிந்தி தெரியாதவரைக் கேலி செய்யாமல், பொருளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிப் பொறுமையாக விற்கும் கடைக்காரர், அந்தக் குடும்பத்துக்குத் தலைநகரின் முதல் நண்பர் ஆகிவிடுகிறார்.

நோட்டுக்குப் பின்னால்

கடைக்காரரின் மேசையில் ஒரு நீண்ட நோட்டு இருக்கும். பழைய தில்லிக் கடைகளில் சிவப்புத் துணி போர்த்திய ‘பஹி’. புதிய குடியிருப்புகளில் சாதாரணப் பள்ளி நோட்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். மாதம் முழுவதும் எழுதி, சம்பளம் வந்ததும் கணக்கை முடிப்பது முறை. வட்டி கிடையாது. பிணை கிடையாது. கையெழுத்துகூடப் பெரும்பாலும் கிடையாது. வங்கி ஒரு சிறு கடனுக்குக் கேட்கும் முகவரிச் சான்றும் வருமானச் சான்றும் இங்கு தேவையில்லை. முகம்தான் சான்று.

இந்தக் கடன் எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்து கொண்டால்தான் இன்றைய பிரச்னையின் ஆழம் விளங்கும். கடைக்காரரும் கடனில்தான் சரக்கு எடுக்கிறார். மசாலாப் பொருள்களுக்கு காரி பாவ்லி, தானியத்துக்கும் பருப்புக்கும் நயா பஜார் எனப் பழைய தில்லியின் மொத்தச் சந்தைகள், தெரிந்த வியாபாரிக்குச் சில நாள் தவணையில் சரக்குத் தருகின்றன. அந்தத் தவணைக்குள் பணம் திரும்ப வேண்டுமானால், கடையில் ரொக்கம் புழங்க வேண்டும். மாதச் சம்பளக்காரர், அதிகாரி, ஓய்வூதியம் பெறுபவர் ஆகியோர் கொடுக்கும் ரொக்கம்தான், கூலித் தொழிலாளியின் பக்கத்தில் பாக்கி எழுத இடம் தருகிறது. ஒரே கடையில் இரு வகை வாடிக்கையாளரும் நிற்பதால்தான் ஏழையின் அரிசிக்குக் கடன் கிடைக்கிறது. கடைக்காரரின் நல்ல மனம் பாதி என்றால், இந்தக் கணக்கு மறுபாதி.

இரு சோதனைகள்

இந்த ஏற்பாட்டின் வலிமை அண்மைக்காலத்தில் இரு முறை சோதிக்கப்பட்டது.

முதலாவது, 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது வந்தது. புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் சுமார் 86 சதவீதம் ஒரே இரவில் பயனற்றுப் போனது. வங்கி வாசல்களில் நாள் முழுதும் வரிசை நின்றது. கூலி கொடுக்க ஒப்பந்ததாரரிடம் நோட்டு இல்லை. அந்த வாரங்களில் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது நோட்டுப் புத்தகத்தால்தான். செல்லாத நோட்டை வாங்க முடியாத கடைக்காரர்கள், தெரிந்த முகங்களுக்குப் பாக்கி எழுதிப் பொருள் கொடுத்தனர்.

இரண்டாவது சோதனை, 2020 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த பொது முடக்கம். நாடே கதவடைத்தபோது திறந்திருக்க அனுமதிக்கப்பட்ட சிலவற்றுள் மளிகைக் கடையும் ஒன்று. கடை வாசலில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, அதில் மக்களை நிறுத்தி, நோய்த்தொற்று அச்சத்துக்கு நடுவே வியாபாரம் நடந்தது. மார்ச் 28-ஆம் தேதி ஆனந்த் விஹார் பேருந்து நிலையத்தில் ஊர் திரும்பத் திரண்ட தொழிலாளர் கூட்டத்தை நாடே பார்த்தது. போக வழியின்றித் தங்கிவிட்டவர்கள் ஒற்றை அறை வாடகை வீடுகளில் அடைந்து கிடந்தனர்.

அவர்களில் பெரும்பாலோரின் குடும்ப அட்டை பிகாரிலோ உத்தரப் பிரதேசத்திலோ இருந்தது. அட்டை இல்லாதோருக்குத் தில்லி அரசு மின்-கூப்பன் முறையில் தானியம் வழங்கியது. ஆனால், அதற்கு ஆதார் எண்ணும் செல்பேசியும் இணையமும் தேவைப்பட்டன. வேறு மாநில அட்டைக்குத் தில்லி நியாயவிலைக் கடையில் தானியம் கிடைக்கச் செய்யும் ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ திட்டம் தலைநகரில் நடைமுறைக்கு வந்தது 2021 ஜூலையில்தான். புலம்பெயர்ந்த தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த மாத இறுதியைக் கெடுவாக விதித்த பிறகே இது நடந்தது. இடைப்பட்ட காலத்தில் பல குடும்பங்களுக்கு மாவும் எண்ணெயும் கொடுத்தது தெருமுனைக் கடையின் நோட்டு.

எல்லாக் கடைகளும் இறுதிவரை கொடுத்தன என்று சொல்ல முடியாது. மொத்த வியாபாரி தவணையை நிறுத்தியபோது கடைக்காரரும் கையை விரித்தார். கடன் வாங்கியோர் ஊருக்குப் போய்விட, வராத பாக்கியைச் சுமந்தவர்களும் உண்டு. அவ்வாறு போனவர்களில் பலர் மாதங்கள் கழித்துத் திரும்பி வந்து பழைய பாக்கியைத் தீர்த்த பின்னரே புதுச் சாமான் வாங்கினர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அரசு திறந்த கடைகள்

நியாயமான விலையில் நல்ல பொருள் தர அரசும் முயன்றதுண்டு. மத்திய அரசு ஊழியர்களின் நலனுக்காக மத்திய அமைச்சரவையின் முடிவின்படி 1963-இல் தொடங்கப்பட்ட ‘கேந்திரிய பண்டார்’ இன்றும் அரசுக் குடியிருப்புகளில் இயங்குகிறது. ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்ட 1966-ஆம் ஆண்டில் விலைவாசியைக் கட்டுப்படுத்தும் நோக்குடன் கன்னாட் பிளேசில் ‘சூப்பர் பஜார்’ திறக்கப்பட்டது. கூட்டுறவு முறையில் நடந்த அந்த அங்காடி நட்டத்தில் மூழ்கியது. 2002-இல் அதைக் கலைக்க உத்தரவிடப்பட்டது.

1974-இல் தொடங்கப்பட்ட ‘மதர் டெய்ரி’யின் கதை வேறு. வில்லையைப் போட்டால் பால் கொட்டும் அதன் சாவடிகளைப் பெரும்பாலும் முன்னாள் ராணுவத்தினரே நடத்தினர். இயந்திரம் பாலை அளந்தாலும், சாவடியில் பெயர் தெரிந்த ஒருவர் இருந்தார். விலையும் எடையும் அரசால் உறுதி செய்யப்படலாம். வாடிக்கையாளரை அடையாளம் கண்டு பேசும் ஒருவரை அங்கே அமர்த்தினால்தான் அது கடையாகும் என்பதற்குச் சூப்பர் பஜாரின் வீழ்ச்சியும் பால் சாவடியின் நிலைப்பும் சான்று எனலாம்.

முன்வாசலும் பின்வாசலும்

இனி அரசியலுக்கு வருவோம். பல்பொருள் சில்லறை வணிகத்தில் 51 சதவீத அன்னிய நேரடி முதலீட்டை அனுமதிக்க மன்மோகன் சிங் தலைமையிலான ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசு 2011 நவம்பரில் முடிவெடுத்தது. எதிர்ப்பு வலுத்ததால் நிறுத்தி வைக்கப்பட்ட அந்த முடிவு 2012 செப்டம்பரில் மீண்டும் அறிவிக்கப்பட்டது. திரிணமூல் காங்கிரஸ் கூட்டணியிலிருந்து விலகியது. செப்டம்பர் 20-ஆம் தேதி நாடு தழுவிய முழு அடைப்பு நடந்தது.

2012 டிசம்பர் 5-ஆம் தேதி மக்களவையில் நடந்த வாக்கெடுப்பில், முதலீட்டுக்கு எதிரான தீர்மானத்துக்கு ஆதரவாக 218 வாக்குகளும் எதிராக 253 வாக்குகளும் பதிவாயின. கொள்கை அளவில் எதிர்ப்புத் தெரிவித்த திமுக, ஆட்சி கவிழக் கூடாது என்று கூறி அரசின் பக்கம் நின்றது. அதிமுக எதிர்த்து வாக்களித்தது. சிறு வணிகர்களின் வாழ்வு, விவசாயிக்குக் கிடைக்கும் விலை, குளிர்பதனக் கிடங்கு ஆகிய அனைத்தும் அவையில் முழங்கின.

ஒப்புதல் தருவது மாநிலங்களின் விருப்பம் என்பதால், ஷீலா தீட்சித் தலைமையிலான தில்லி அரசு சம்மதித்தது. அடுத்து வந்த கேஜரிவால் அரசு 2014 ஜனவரியில் அந்தச் சம்மதத்தைத் திரும்பப் பெற்றது. ஆக, வெளிநாட்டுப் பேரங்காடி தில்லியின் முன்வாசல் வழியே வரவில்லை.

ஆனால், பின்வாசல் திறந்தே இருந்தது. வாங்குவோரையும் விற்போரையும் இணைக்கும் ‘சந்தை மேடை’ என்ற வகையிலான இணைய வணிகத்தில் 100 சதவீத அன்னிய நேரடி முதலீடு 2016 மார்ச்சில் முறைப்படி அனுமதிக்கப்பட்டது. குருகிராமில் 2013-இல் தொடங்கப்பட்ட ‘குரோபர்ஸ்’ நிறுவனம் 2021 டிசம்பரில் ‘பிளிங்கிட்’ என்று பெயர் மாற்றிக்கொண்டு, சில நிமிடங்களில் மளிகை என்ற வாக்குறுதியை முன்வைத்தது. 2020-இல் வந்த ‘இன்ஸ்டாமார்ட்’, 2021-இல் வந்த ‘ஜெப்டோ’ ஆகியவையும் இதே பாதையில் உள்ளன.

குடியிருப்புகளுக்கு அருகே பொதுமக்கள் நுழையாத சிறு கிடங்குகள் அமைக்கப்படுகின்றன. செல்பேசியில் உத்தரவு வந்ததும் ஒருவர் பொருள்களை எடுத்துக் கட்ட, மற்றொருவர் இரு சக்கர வாகனத்தில் பறக்கிறார். நோயாளிக்கும், கைக்குழந்தை உள்ள தாய்க்கும், படியிறங்க முடியாத முதியவருக்கும் இது பெரும் வசதி என்பதை மறுக்க முடியாது.

படியேறி வரும் அந்த இளைஞரிடம் கருணை இல்லை என்றும் கூற முடியாது. ஆனால், இன்று வந்தவர் நாளை வருவதில்லை. ஒரு நிமிடம் நின்று பேச அவருக்கு நேரமில்லை. அவருடைய நிலையே நிச்சயமற்றது. மேடைத் தொழிலாளர் என்ற பிரிவினரைச் சட்டம் முதன்முதலில் வரையறுத்ததே 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில்தான். அதுவும் நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பரில். அன்பு காட்டும் மனம் இருந்தும், அதற்கு இடம் தராத வேலைமுறை அது.

குறைகளும் உண்டு

மளிகைக் கடைக்காரரை மகானாக்க வேண்டியதில்லை. ரசீது தராமை, காலாவதியான சரக்கு, எடையில் குறைவு, சில்லறைக்குப் பதிலாக மிட்டாய் ஆகிய குறைகள் அனைவரும் அறிந்தவை. பாக்கி உள்ளவர் விலை கேட்கத் தயங்குவார் என்பதைப் பயன்படுத்திக் கூடுதலாக எழுதுவோரும் உண்டு. நல்ல உடை உடுத்தியவருக்கு ஒரு குரலும் கந்தல் உடுத்தியவருக்கு வேறொரு குரலும் ஒலிக்கும் கடைகளைத் தலைநகரில் காணலாம். முகம்தான் சான்று என்றால், முகத்தைப் பார்த்து மறுக்கவும் முடியும். சாதியும் மதமும் அந்தப் பார்வையில் கலந்துவிடுவதுண்டு. செயலியில் எவருக்கும் ஒரே மரியாதைதான் என்று இளைஞர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

கடையில் பொட்டலம் கட்டும் பையனுக்கு என்ன கூலி, எத்தனை மணி நேர வேலை என்ற கேள்வியும் எஞ்சி நிற்கிறது. வாடிக்கையாளரிடம் கனிவு காட்டும் முதலாளி, தன் ஊழியரிடமும் அதைக் காட்டினால்தான் அந்தக் கனிவுக்கு மதிப்பு.

எதைக் காப்பது?

அரசு முற்றிலும் பாராமுகமாக இருந்துவிடவில்லை. சிறு வணிகர்களுக்கு 60 வயதுக்குப் பின் மாதம் 3,000 ரூபாய் அளிக்கும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் 2019-இல் தொடங்கப்பட்டது. 2021 ஜூலையில் சில்லறை, மொத்த வணிகர்கள் குறு, சிறு, நடுத்தரத் தொழில் பிரிவில் சேர்க்கப்பட்டு, வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்குத் தகுதி பெற்றனர். இணைய வணிகத்தின் அதிவேக வளர்ச்சி பெருமைக்குரியதல்ல, கவலைக்குரியது என்று மத்திய வர்த்தக அமைச்சர் பியூஷ் கோயல் 2024 ஆகஸ்டில் குறிப்பிட்டார். இணைய வணிகத்தை அரசு எதிர்க்கவில்லை என்று மறுநாளே விளக்கமும் அளித்தார்.

இந்த இழுபறியில் கவனிக்கத் தவறும் உண்மை ஒன்று உண்டு. ரொக்கம் கொடுக்கும் வாடிக்கையாளர் செயலிக்கு மாறும்போது, கடைக்காரர் இழப்பது அவருடைய வியாபாரத்தை மட்டுமன்று. வேறு ஒருவருக்குக் கடன் கொடுக்கும் சக்தியையும் இழக்கிறார். மேல்தட்டு வீட்டுக்கு மளிகை சில நிமிடங்களில் வந்து சேர்கிறது. அதே வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணுக்குத் தெருமுனையில் கிடைத்து வந்த வட்டியில்லாக் கடன் குறைகிறது. இரண்டுக்கும் உள்ள தொடர்பு இருவர் கண்ணுக்கும் தெரிவதில்லை.

ஆகவே, சிறு கடைகளைக் காப்பது என்பது பழமை மீதுள்ள பாசத்தால் எழும் கோரிக்கையாக மட்டும் இருக்கத் தேவையில்லை. அடித்து வீழ்த்தும் தள்ளுபடி விலைக்குக் கட்டுப்பாடு, அனைவருக்கும் ஒரே வகையான விதிகள், சிறு வணிகருக்கு எளிதில் கிடைக்கும் வங்கிக் கடன் ஆகியவற்றை அரசு உறுதி செய்தால், அந்தக் கடன் கடைக்காரரின் நோட்டு வழியாகக் குடிசை வரை செல்லும். சரியான எடை, ரசீது, ஊழியருக்கு நியாயமான கூலி ஆகியவற்றை வணிகர்களும் தம் பங்குக்கு உறுதி செய்ய வேண்டும்.

ஒரு கடை மூடப்படும்போது மீதச் சரக்கை வாங்க ஆள் கிடைப்பார்கள். அலமாரியும் தராசும்கூட விலை போகும். அந்த நீண்ட நோட்டை மட்டும் எவரும் விலைக்கு வாங்க மாட்டார்கள். எந்த வீட்டில் என்றைக்குக் கூலி வரும், யார் சொன்ன சொல் தவறாதவர் என்று பல ஆண்டுகளாகச் சேர்த்த அறிவு அதில் இருக்கிறது. புதிதாக வரும் எந்தக் கடையும் அதை முதல் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். பன்னிரண்டு ரூபாய் குறைந்த பெண்ணும் அதுவரை காத்திருக்க வேண்டும்.